பித்தளை போலிருந்த இரண்டு ஸ்குரூ

ஆய்வுக்கூடத்தின் ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாருங்கள், புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கூடவே பாஸ்போர்ட் அளவில் ஒரு படமும் கேட்டிருந்தீர்கள். படத்தை அனுப்பிவிட்டேன். ஊக்கம் என் கைவசம் இல்லை. ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற கட்டுரைகளை நானும் நிறையப் படித்திருக்கிறேன். எல்லாரும் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்திருப்பார்கள். எல்லாருக்கும் நல்ல குரு வாய்த்திருப்பார். செய்த தப்பெல்லாம் கடைசியில் நல்லதாகவே முடிந்திருக்கும். எனக்கு அப்படி எதுவும் முடியவில்லை. நான் செய்த ஒரு தப்பில் இன்னொருவருடைய வேலை போனது, அவர் செய்த நல்ல பொருளும் போனது. அதைத்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

நம் தொழிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மலரை உங்கள் வீட்டில் இருப்பவர்களும் புரட்டுவார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரம் மினுக்குவது பார்ப்பவர்களுக்கு அழகு, தொலைநோக்கிக்காரர்களுக்குத் தலைவலி. இடையிலிருக்கும் காற்று அலைந்துகொண்டே இருப்பதால் ஒளி கலைந்து வந்து சேர்கிறது. எப்படிக் கலைந்திருக்கிறது என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அளந்து, அதற்குத் தகுந்தாற்போல் ஒரு கண்ணாடியை நெளித்து, படத்தைச் சீராக்குவார்கள். அதற்கு அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்று பெயர். மங்கலான நட்சத்திரம் என்றால் அந்த இம்மி நேரத்தில் வருவதே சில ஒளித்துகள்கள்தான். ஒன்றைக்கூடத் தவறவிடாமல் எண்ண வேண்டும். அதற்காகத்தான் மீக்கடத்தி, அதாவது சூப்பர்கண்டக்டர் டிடெக்டர். கட்டைவிரல் நகத்தளவு சிப், அதன் மேல் மெல்லிய உலோகப் படலத்தில் செதுக்கிய சில ஆயிரம் பிக்சல்கள். இதற்கு மேல் குளிரவே முடியாது என்கிற எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், ஒரே ஒரு ஒளித்துகள் விழுந்தால்கூட எப்போது விழுந்தது, என்ன நிறம் என்று அந்தச் சிப் சொல்லிவிடும். வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் வியர்த்துக்கொண்டு நடந்து வந்து, உலகத்திலேயே குளிர்ந்த இடங்களில் ஒன்றை உண்டாக்குகிற வேலை நம்முடையது. அதை நினைத்து எனக்கு ரொம்ப காலம் பெருமையாக இருந்தது.

சிப்பைச் செம்புப் பெட்டிக்குள் வைத்து மூடுவது, பெட்டியை டிரம்முக்குள் இறக்கிக் குளிரவைப்பது, சோதித்து அறிக்கை எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. டிரம் என்று நாங்கள் சொன்னது கிரையோஸ்டாட் என்கிற குளிர்கலனை. இப்போதும் நீங்கள் அப்படித்தான் சொல்கிறீர்களா என்று தெரியவில்லை.

என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர் அப்போதைய தலைவர். குருவைப் பற்றி எழுத வேண்டும் என்றால் அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஒருமுறை பெரிய இடத்து ஆட்கள் பார்வையிட வந்திருந்தபோது, அவர்கள் கண் முன்னாலேயே வேக்கம் பம்ப் நின்றுவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. தலைவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “இது நாங்களே வச்சிருக்க நிறுத்தம். பம்ப் நின்னா டிரம் எம்புட்டு நேரம் தாங்குதுன்னு பாக்கோம்” என்றார். வந்தவர்கள் தலையாட்டிவிட்டு அதைக் குறித்தும் கொண்டார்கள். அவர்கள் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“கமிட்டி முன்னால தெரியலைன்னு மட்டும் சொல்லிராதீங்க. ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லுங்க. சரியா தப்பாங்கிறதைப் பொறவு பாத்துக்கிடலாம்.”

எத்தனையோ வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். சிரித்துச் சிரித்தே அது எனக்குள் ஊறிவிட்டது. ஊறிய விஷயம் எப்போது வெளியே வரும் என்று நமக்குத் தெரிவதில்லை.

முத்துச்செல்வி தேவதானத்திலிருந்து வந்தவர். அப்பா விவசாயம். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவர், அதற்கு மேல் ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கியவர். நம் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலையில் இருந்தார். சிப்பை வரைந்தது அவர். வெளியூரில் ஒரு தூசியில்லாத அறையில் மாதக்கணக்கில் தங்கி, படலம் படியவைத்து, செதுக்கி, கெட்டுப்போனதைத் தூக்கிப் போட்டு, மறுபடி செய்து, தேறிய ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். வடக்கே ஒரு மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கிக்கு டிடெக்டர் வேண்டியிருந்தது. நம்முடைய சிப்பை எடுப்பதா, வெளிநாட்டிலிருந்து வாங்குவதா என்று ஒரு குழு வந்து பார்த்து முடிவு செய்யும். சிப் தேறினால் முத்துச்செல்விக்கு வேலை நிரந்தரம். தேறாவிட்டால் அந்த மாதத்தோடு கணக்கு முடிந்தது. இது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் நன்றாகவே தெரியும்.

குழு வருவதற்கு முந்தின வாரம் சிப்பைப் பெட்டியில் வைத்து மூடும்போது, மூடியின் ஒரு மூலையில் இரண்டு பித்தளை ஸ்குரூவின் தலை தேய்ந்துபோய், திருப்புளி பிடிக்கவில்லை. கைவசம் வேறு இல்லை. சொல்லி அனுப்பினால் வர ஒரு வாரம் ஆகும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போய், ஒரு ஹார்டுவேர் கடையில் அதே அளவில் கேட்டேன். கடைக்காரர் ஒரு டப்பாவைத் தட்டி, நாலைந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

“அண்ணாச்சி, இது பித்தளைதானே?” என்று கேட்டேன்.

“மஞ்சளா இருக்குல்லா, பொறவென்ன?” என்றார்.

எனக்கும் அது போதுமானதாக இருந்தது. நம் அறை வாசலில் நூலில் ஒரு காந்தம் தொங்கும், இப்போதும் தொங்குகிறதா என்று பாருங்கள். டிரம்முக்குள் போகும் எந்தச் சாமானையும் அதற்குப் பக்கத்தில் காட்டிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். இரும்பு கலந்தது எதுவும் சிப்புக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. காந்தம் ஏறிய பொருள் பக்கத்தில் இருக்கும்போது சிப் குளிர்ந்தால், அந்தக் காந்தப்புலம் படலத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டு, அந்த இடத்துப் பிக்சல்களை மந்தமாக்கிவிடும். இந்த விதியைத் தட்டச்சு செய்து கதவில் ஒட்டியதே நான்தான். எத்தனையோ பேரைக் காந்தத்தில் காட்டாமல் வந்ததற்காகத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு நான் காட்டவில்லை. அவசரம் என்று சொல்லலாம், ஆனால் அது அவசரம் இல்லை. நான் வாங்கி வந்த சாமானை நானே சோதிப்பதாவது என்கிற மிதப்பு. அந்த இரண்டு ஸ்குரூவும் மஞ்சள் முலாம் பூசிய இரும்பு.

மூன்று நாளில் டிரம் குளிர்ந்தது. சோதித்தால் சிப்பின் முக்கால் பாகம் பிரமாதமாக இருந்தது. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிப்பை நான் பார்த்ததில்லை. ஒரு மூலையில் மட்டும் பிக்சல்கள் பாதிக் கண் மூடியதுபோல் மந்தமாகக் கிடந்தன. அது தற்செயலாக வந்ததா என்று பார்க்க, முத்துச்செல்வி டிரம்மைத் திறக்காமலே சிப்பை லேசாகச் சூடேற்றி மறுபடி குளிரவைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

“சார், மறுபடியும் அதே மூலைதான்.”

“அப்பச் சரி. அந்த மூலையில படலம் சரியாப் படியலை. சிப்புதாம்மா.”

“அதே மூலைன்னா பெட்டியாவும் இருக்கலாம்ல சார்?”

“பெட்டியை நான்தானே மூடினேன்.”

“அதுக்குச் சொல்லலை சார். டிரம்மைத் திறந்து, சிப்பைப் பெட்டிக்குள்ள அரைவட்டம் திருப்பி வைப்போம். கோளாறும் சிப்போட சேந்து திரும்பிருச்சுன்னா எம் மேல தப்பு, ஒத்துக்கிடுதேன். கோளாறு அங்கனயே நின்னுச்சுன்னா பெட்டிதான். அம்புட்டுதான் சார். சூடேத்தித் திறக்க ரெண்டு நாளு, மறுபடி குளிர மூணு நாளு.”

இதைவிட எளிய சோதனை நம் தொழிலில் கிடையாது. ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். குழு வர இரண்டு நாள்தான் இருந்தது. இருவரும் தலைவர் அறைக்குப் போனோம். அவர் முத்துச்செல்வி சொன்னதை முழுசாகக் கேட்கவில்லை. “அஞ்சு நாளா? ஃப்ளைட் டிக்கெட்டெல்லாம் போட்டாச்சு. வாறவங்களைத் திரும்பப் போகச் சொல்லணுங்கிறீங்களா?” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க என்ன சொல்லுதீங்க? எதுல கோளாறு?”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது: தெரியவில்லை. அதைச் சொல்லியிருந்தால் தலைவருக்குக் கோபம் வந்திருக்கும். குழுவைத் தள்ளிப் போடச் சொன்ன ஆள் என்று என் பெயர் கொஞ்ச நாள் அடிபட்டிருக்கும். அவ்வளவுதான். எனக்கு வேலை போயிருக்காது, சம்பளம் குறைந்திருக்காது. இழக்க ஒன்றுமே இல்லாதவன் நான். இழக்க எல்லாமே இருந்தவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“சிப்புதான் சார்” என்றேன்.

வெளியே வந்ததும் முத்துச்செல்வி வராந்தாவில் நின்றார். அவர் அழவில்லை, சத்தம் போடவில்லை.

“எனக்காகப் பேசுங்கன்னு கேக்கலை சார். தெரியாததைத் தெரியலைன்னு சொல்லுங்க, அது போதும். இன்னும் நேரம் இருக்கு.”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நேற்று வந்த பெண் எனக்குப் பாடம் எடுக்கிறதா என்று இருந்தது. “போம்மா, போய் வேலையைப் பாரு” என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நான் சொன்ன வார்த்தை அதுதான், மாற்றி எழுத முடியாது.

குழு வந்தது. காலையில் முக்கால் மணி நேரம் என் அறிக்கையைப் புரட்டினார்கள். ‘சிப்பின் படலம் ஒரு மூலையில் சீரற்றது, தொலைநோக்கிக்கு உகந்ததல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒருவர் மட்டும், பெட்டியில் கோளாறு இருக்க வாய்ப்பில்லையா என்று கேட்டார். சோதித்துவிட்டோமா என்று அவர் கேட்கவில்லை, வாய்ப்பில்லையா என்றுதான் கேட்டார். வாய்ப்பில்லை என்றேன். மத்தியானம் எல்லாரும் அய்யனார் கோவிலுக்குக் கிளம்பினார்கள். மழை பெய்து அருவியில் நல்ல தண்ணீர். அவர்கள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஊருக்குக் கொண்டுபோகப் பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அன்றைக்கு வேலை எதுவும் இல்லாமல் இருந்தவர் முத்துச்செல்வி. அவரைத்தான் அனுப்பினோம். பெட்டிகளை எண்ணிக் கார் டிக்கியில் வைத்துவிட்டு, ‘பத்து இருக்கு சார்’ என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் அவர் போய்விட்டார். வெளிநாட்டுச் சிப் வந்தது. அதை அதே செம்புப் பெட்டியில், அதே மூடியைப் போட்டு, அதே ஸ்குரூக்களால் மூடி, டிரம்முக்குள் இறக்கினேன். குளிர்ந்ததும் சோதித்தேன். அதே மூலை மந்தமாக இருந்தது.

தலைவரிடம் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “பெட்டியைத் திறந்து பாருங்க” என்றார். அஞ்சு நாள் ஆகுமே என்றேன். “ஆனா ஆயிட்டுப் போகுது. அம்புட்டு விலை குடுத்து வாங்கின சிப்புல எப்படிக் கோளாறு வரும்?” என்றார். தேவதானத்துப் பெண் செய்த சிப்புக்கு இல்லாத அஞ்சு நாள், விமானத்தில் வந்த சிப்புக்கு அப்போதே கிடைத்தது. எனக்கும் அதேதான் தோன்றியிருந்தது: இது நல்ல சிப், கோளாறு பெட்டியில்தான் இருக்க வேண்டும். இரண்டு சிப்பையும் ஒரே மாதிரி பார்க்க என் கண்ணுக்கும் தெரியவில்லை.

டிரம்மைத் திறந்து, மூடியைக் கழற்றி, ஒவ்வொரு ஸ்குரூவாக அந்த நூல் காந்தத்தில் காட்டினேன். முதலில் எடுத்தவை எல்லாம் அசையாமல் இருந்தன. அந்த மூலையில் இருந்தவற்றைக் கிட்டே கொண்டுபோனதும் காந்தம் நூலோடு வந்து ஒட்டிக்கொண்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குள் வந்துசேர்ந்திருந்த பித்தளை ஸ்குரூவைப் போட்டு மூடினேன். பதிவேட்டில் ‘இரண்டு ஸ்குரூ மாற்றப்பட்டது’ என்று எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை. பொய் ஒன்றும் எழுதவில்லை பாருங்கள், அந்த அளவுக்கு நான் சுத்தம். அடுத்த தடவை அந்த மூலை பளிச்சென்று வந்தது. தலைவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே முத்துச்செல்விக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். மறுநாள் ஒரு திருத்த அறிக்கை எழுதியிருக்கலாம். எழுதினால் இறக்குமதி எதற்கு என்று கேள்வி வரும். ஸ்குரூவை யார் வாங்கியது என்று வரும். காந்தத்தில் காட்டினீரா என்று வரும். நான் ஒட்டிய விதி என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தேன். அந்தக் கொஞ்ச நாள் நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் நீண்டது. நடுவில் டிடெக்டர் மலை உச்சிக்குப் போனது, படம் எடுத்தார்கள், படத்தில் நானும் நிற்கிறேன். கடைசி நாளில் சால்வை போர்த்தினார்கள்.

ஓய்வூதியக் காகிதங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் அவரைப் பார்க்கப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மனச்சாட்சி உறுத்திப் போனதாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. உறுத்தியது பல வருஷமாக. கிளம்பியது ஆபத்து எல்லாம் நீங்கிய பிறகு.

ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுகிற துணி செய்யும் ஒரு கம்பெனியில் முத்துச்செல்வி தரப் பிரிவில் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, “வாங்க சார். சௌரியமா? வீட்ல அவிய நல்லா இருக்காவளா?” என்று கேட்டார். வேப்பமரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். நான் ஸ்குரூவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டது வரைக்கும் சொன்னேன்.

“ஸ்குரூன்னு தெரியாது சார். பெட்டின்னு தெரியும்” என்றார்.

அவரே தொடர்ந்தார்.

“அங்கேயிருந்து போயி ரெண்டு இடத்துல இண்டர்வியூ போனேன். ரெண்டு இடத்துலயும் அந்தச் சிப்பைப் பத்தித்தான் கேட்டாவ. படலம் படியவைக்கத் தெரியாத பிள்ளைன்னு எல்லார் கையிலயும் உங்க அறிக்கை இருந்துச்சு. மூணாவது இடத்துக்கு நான் போகலை.” பிறகு கேட்டார்: “அந்த அறிக்கையைத் திருத்திட்டீங்களா சார்?”

“இல்லம்மா.”

“அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்டல்லா போய்ச் சொல்லணும்.”

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அந்த வார்த்தையை எடுக்கவே வாய் வரவில்லை. அவர் எழுந்தார். “இங்க ஒரு கட்டுத்துணியை ரிஜெக்ட் போடணும்னாலும் ரெண்டு பேரு ரெண்டு தடவை பாக்கணும் சார். வெறும் துணிதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதில் கோபம் இல்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

மறுவாரம் நம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். இப்போதைய பொறுப்பாளரை உங்களுக்குத் தெரியும், மரியாதையானவர். டீ வரவழைத்துக் கொடுத்து, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். வாய்வார்த்தையை வைத்து அறிக்கையைத் திருத்த முடியாது, சிப் இருந்தால் மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்றார். அது நியாயம்தான். தேடினோம். பழைய கேபிள்களுக்கு அடியில், ஒரு இரும்பு மேஜையின் கீழ் டிராயரில், சின்ன பிளாஸ்டிக் டப்பியில் இருந்தது. டப்பியின் மேல் ஒட்டிய தாளில் என் கையெழுத்தில் ‘பழுது’ என்று எழுதியிருந்தது.

நல்ல பெட்டியில் வைத்து, ஒவ்வொரு ஸ்குரூவையும் மூன்று தடவை காந்தத்தில் காட்டி, நானே மூடினேன். குளிர்ந்த அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். திருத்த அறிக்கையின் முதல் வரியை மனசுக்குள் எழுதிக்கூட வைத்துவிட்டேன்.

சிப் வேலை செய்யவில்லை. எந்தப் பிக்சலும் பதில் சொல்லவில்லை. காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நல்ல சிப்புகளை ஈரம் புகாத அலமாரியில் வைப்போம். பழுது என்று எழுதியதை யாரும் அங்கே வைப்பதில்லை. அது டிராயருக்குப் போனது. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம்; இத்தனை மழைக்காலத்து ஈரக்காற்று பட்டுப் பட்டு, படலம் முழுக்க அரித்துப்போயிருந்தது.

பொறுப்பாளர் ஒரு குறிப்பு எழுதினார்: ‘மறுசோதனையில் சிப் செயல்படவில்லை. முந்தைய அறிக்கை உறுதி செய்யப்படுகிறது.’ சோதனையில் கூட இருந்தவன் என்பதால் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினார். ஈரத்தில் கெட்டிருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எப்போது கெட்டது என்பதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லையே சார் என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. “பரவாயில்ல சார், உங்க கையெழுத்து இல்லைன்னாலும் செல்லும்” என்று சொல்லி, குறிப்பைக் கோப்பில் வைத்தார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் டீகூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

வெளியே வந்து முத்துச்செல்விக்குப் போன் செய்தேன். சிப் போய்விட்டது என்றேன்.

“எந்தப் பக்கம் சார் போயிருக்கு?”

“எல்லாப் பக்கமும்மா. ஒரே மாதிரி.”

“அந்த மூலை?”

“மத்த இடம் மாதிரியேதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.”

“அப்ப மூலை நல்லாத்தான் சார் இருந்திருக்கு. முதல்லயே அங்கன படலம் சரியில்லைன்னா, அதுல்லா மத்ததைவிட மோசமா அரிச்சிருக்கணும்” என்றார். பிறகு, “செத்த நேரத்துல மிஷின் ஓட ஆரம்பிச்சிரும் சார், வைக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

குறிப்பு எழுதுவதற்கு முன் நானும் பொறுப்பாளரும் மைக்ரோஸ்கோப் படங்களை முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. சிப்பைக் கண்ணால் பார்க்காமல், கட்டுத்துணிக் கம்பெனியில் நின்றுகொண்டு, இரண்டு கேள்வியில் அவர் கண்டுபிடித்துவிட்டார். திரும்ப உள்ளே போய்ப் பொறுப்பாளரிடம் சொன்னேன். சுவாரசியமாக இருக்கிறது சார், ஆனால் கோப்பை மூடியாகிவிட்டதே என்றார்.

நான் எழுதிய அன்றைக்கு அந்த அறிக்கை தப்பு. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சிப்பை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம், அறிக்கையில் இருப்பதுபோல் அது பழுதாகத்தான் இருக்கும். பழுது என்று நான் எழுதியதே அதைப் பழுதாக்கிவிட்டது. முத்துச்செல்வி சொன்ன காரணம் எந்தக் கோப்பிலும் இல்லை, இந்த நாலு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது.

உங்களிடமும் ஒருநாள் யாராவது எதில் கோளாறு என்று கேட்பார்கள். நேரம் இருக்காது, டிக்கெட் போட்டிருப்பார்கள், பக்கத்தில் ஒருவர் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்போது தெரியவில்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அனுபவத்திலிருந்து சொல்லத்தான் எனக்கும் ஆசை. முடியாது. என் பணிக்காலம் முழுக்க நான் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.